பூஜையில் இருக்கும் டேட்டாபேஸ்

மாமாவுக்குக் கீரப்பாளையத்தில் பம்ப்செட் உதிரிபாகக் கடை. எந்தச் சாமான் எந்த அடுக்கில் என்று தேட, எஸ்க்யூலைட் என்ற குட்டி டேட்டாபேஸை உள்ளேயே சேர்த்துக் கம்பைல் செய்து ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். மொத்தமும் ஒரே பென் டிரைவில் ஓடும்.

இன்று ஆயுத பூஜை. கடைக்குப் போனால், பென் டிரைவ் சந்தனம் குங்குமத்தோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால்!

அந்த நேரம் பார்த்து ஒருவர் ஆயில் சீல் கேட்டு வந்தார்.

"மாமா, பென் டிரைவ எடுங்க."

"நாளைக்குத்தான் மாப்ள எடுக்கணும். நீ படிச்ச படிப்பெல்லாம் அதுலதான இருக்கு?"

என் பையில் அந்தப் புரோகிராமின் இன்னொரு காப்பி இருந்தது. அவர் அப்படிச் சொன்னபிறகு அதை எடுக்க மனம் வரவில்லை. ஏணி போட்டு, அடுக்கடுக்காக இருவரும் தேடினோம். சீல் கிடைத்துவிட்டது.

பென் டிரைவ் முனைக்குள் போன சந்தனத்தை எப்படி எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.