கொடியைக் கழற்றாமல் ஓடியவர்

மொஹாபி பள்ளிக்கூடம் போனது மூன்று மழைக்காலம்தான். அதற்கப்புறம் லெசோத்தோ மலையில் மாடு மேய்த்தார், மீசை முளைக்கும் முன்னே தென்னாப்பிரிக்காவின் வெல்கொமுக்கு இறங்கி வந்து தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்தார். சுரங்கம் ஆளைக் குறைத்தபோது மற்றவர்கள் அழுதுகொண்டு ஊர் திரும்பினார்கள். இவர் ஒரு பழைய வெல்டிங் இயந்திரத்தை வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். இன்று வெல்கொமில் எந்தத் தெருவில் போய் எந்த இரும்புக் கேட்டைத் தட்டினாலும் அது அவர் கைபட்டதாகத்தான் இருக்கும். படித்தவன் எத்தனை பேர் அவரிடம் கூலிக்கு நிற்கிறான் என்று போய்ப் பாருங்கள்.

ஓட்டமும் அப்படித்தான், யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. சுரங்கத்துக் குழுவில் சும்மா ஓட ஆரம்பித்தவர், ஐம்பது வயதுக்கு மேல் ஆறு நாள் மலை ஓட்டத்துக்குப் போனார். ஃபூரிஸ்பர்கில் கிளம்பி, மலோட்டி மலைத்தொடர் ஓரமாகவே நாளெல்லாம் ஓடி, சாயங்காலம் கூடாரத்தில் விழுந்து, மறுநாள் எழுந்து மறுபடி ஓடுவது. ஒவ்வொரு நாளும் எல்லைக்கோட்டை அடைத்துவிடும் நேரம் ஒன்று உண்டு. அதற்குள் வராதவன் மார்பு நம்பரைக் கத்தரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். பத்து தடவை முழுசாக முடித்தவனுக்கு அந்த நம்பர் ஆயுசுக்கும் சொந்தம். வேறு யாருக்கும் அதைக் கொடுக்க மாட்டார்கள்.

இதில் மொஹாபி பஸ் ஓட்டினார். சக்கரமில்லாத பஸ். டிரைவர் முதுகில் ஒரு குச்சி கட்டி ஆரஞ்சுத் துணி பறக்கும். பின்னால் நாற்பது ஐம்பது பேர். துணி நடந்தால் நடப்பார்கள், ஓடினால் ஓடுவார்கள். பஸ்ஸில் ஏறியவன் கடிகாரம் பார்ப்பதில்லை, கணக்குப் போடுவதில்லை. அந்தக் கவலையெல்லாம் டிரைவரோடது. மொஹாபியின் பஸ் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. பெரிய ஊர்களிலிருந்து வந்த டிரைவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள், அவர்கள் பெயரையெல்லாம் இப்போது யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அவருக்கு நேர் பின்னால் எப்போதும் கெனுவே ஓடுவாள். பள்ளிக்கூடச் சமையல்காரி, கனத்த உடம்பு, சின்னக் காலடி. ஒன்பது தடவையும் அந்தத் துணியைப் பார்த்தே ஓடி முடித்தவள். ஊர் வழக்கப்படி அவர் அவளுக்கு ந்தாத்தே, அதாவது ஐயா; அவள் அவருக்கு அவுசி, சகோதரி. பத்தாவது வருஷம் முதல் நாளே சொல்லிவிட்டாள்:

"ந்தாத்தே, இந்தத் தடவை என்னைய வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்க. நம்பர் எனக்கே ஆயிருச்சுன்னா கல்லறையில பேருக்குக் கீழ வெட்டச் சொல்லியிருக்கேன்."

"பேரையே வெட்ட வேணாம் அவுசி. நம்பர் போதும். சொர்க்கத்துல கண்டுபிடிச்சுக்குவாங்க."

பஸ்ஸே சிரித்தது.

நாலாம் நாள் சாயங்காலம் கூடாரத்தில் எல்லாரும் காலில் வந்த கொப்புளத்தை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்கள். ப்ளூம்ஃபோன்டைனிலிருந்து வந்த லெஃபா என்ற வங்கிக்காரப் பையன், யார் பஸ்ஸிலும் ஏறாமல் தனியாக ஓடுகிறவன், இவரைச் சீண்ட வந்தான்.

"ந்தாத்தே, உங்க பஸ்ஸுக்கு ஹாரன் இருக்கா, இல்ல மாட்டு மணிதானா?"

"மணிதான் தம்பி. நீ குப்புற விழுந்து கெடக்கும்போது மணிச் சத்தம் கேக்கும், எந்திரிச்சு வழி விடு."

"அது கெடக்கட்டும். பலகையில நேரம் போட்டிருக்கான், பாத்தீங்களா? அறுபது தாண்டினவங்கள்ல நீங்க மூணாவது. ரெண்டாவது கேப் டவுன் எஞ்சினியர், கொஞ்சம்தான் முன்னாடி இருக்காரு. அவரத் தாண்டினா வெள்ளிப் பதக்கம். ஆனா டிரைவருக்கு எதுக்கு வெள்ளி? டிக்கெட் கிழிச்சாப் போதும்ல."

பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். மொஹாபி போய்ப் பலகையைப் பார்த்தார். எழுத்து தடுமாறும், எண் தடுமாறாது. சுரங்கத்தில் இருந்த காலமெல்லாம் எஞ்சினியர்களின் விளக்கு வெளிச்சத்துக்குக் கீழே குனிந்து நின்ற மனுஷர் அவர். ஒரு எஞ்சினியருக்கு முன்னால் ஓடிக் காட்டுவது என்றால், அந்த ஆசை எனக்கில்லை என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

ஐந்தாம் நாள் காலையில் பஸ் வழக்கம்போல் பாட்டோடு கிளம்பியது. மதியத்துக்கு முன்னால் பெரிய ஏற்றத்தின் அடிவாரம் வந்தது. அங்கே நடக்க வேண்டும். எல்லா வருஷமும் நடந்தார்கள். அந்த ஏற்றத்தில் நடப்பதால்தான் மொஹாபியின் பஸ் ஊர் போய்ச் சேர்கிறது. அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார், மேலே இரண்டாவது வளைவில் எஞ்சினியரின் வெள்ளைத் தொப்பி. ஓட ஆரம்பித்தார்.

பின்னால் பாட்டு அறுந்தது. காலடிச் சத்தம் அறுபடவில்லை. துணி ஓடியது, பஸ்ஸும் ஓடியது.

"ந்தாத்தே, இங்க நடக்கணுமே?" கெனுவேயின் குரல், மூச்சுக்கு நடுவில்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நான் எனக்காகப் போறேன், நீங்க நடங்க' என்று. குச்சியை உருவி அடுத்தவன் கையில் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? ஆனால் திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் நடக்க வேண்டியிருக்கும். அதனால் அவர் திரும்பவில்லை. துணி அவர் முதுகில் படபடத்துக்கொண்டே மேலே போனது. டிரைவருக்கு ஏதோ கணக்கு இருக்கும் என்று நம்பி அத்தனை பேரும் அதன் பின்னால் தங்களை எரித்துக்கொண்டார்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே எஞ்சினியரைத் தாண்டினார். அப்போது பின்னால் ஒருவரும் இல்லை.

அன்று எல்லைக்கோட்டில் அவருக்குக் கைதட்டல் பலமாக இருந்தது. நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை. பஸ்காரர்கள் ஒவ்வொருவராக, தனித்தனியாக, நொண்டிக்கொண்டு வந்தார்கள். நேரம் முடிந்து கோட்டை அடைத்த பிறகு லாரி வந்தது. கெனுவே பின்பலகையைப் பிடித்து இறங்கினாள். உச்சியில் வாந்தி எடுத்து, தொடை பிடித்துக்கொண்டு, இறக்கம் முழுக்கப் பக்கவாட்டில் நடந்து வந்தவளை, நேரம் தீர்ந்ததும் வழியிலேயே ஏற்றியிருக்கிறார்கள். மார்பு நம்பரின் மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது. அவரைக் கடந்து தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவினாள்.

மறுநாள் ஓட்டத்தையும் முடித்து மொஹாபி வெள்ளியை வாங்கினார். வெல்கொமில் வேறு யாரிடமும் அது கிடையாது. பட்டறையில் மாட்டச் சொன்னார்கள். அவர் மாட்டவில்லை.

குளிர்காலம் போனபின் ஒரு நாள் கெனுவேயின் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அண்டாவில் சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு தட்டில் களியும் கீரையும் வைத்தாள்.

"அவுசி, இந்த வருஷம் பஸ்ஸெல்லாம் வேணாம். நானும் நீயும் மட்டும். உன் காலுக்கு என்ன வேகமோ அதுதான்."

"காலா? முட்டியில எலும்பும் எலும்பும் உரசுதாம். ஓடினா ஆபரேஷன்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. என் ஓட்டம் முடிஞ்சுது ந்தாத்தே."

அவர் மன்னிப்புக் கேட்க ஒரு பேச்சைத் தயார் செய்து வந்திருந்தார். அதைத் தொடங்காமல் களியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தார்.

அவளே சொன்னாள்: "நீங்க போனது தப்பில்ல. உங்க காலு, உங்க ஆசை. ஒன்பது வருஷம் எங்கள இழுத்தீங்க, ஒரு நாள் உங்களுக்காக ஓடக் கூடாதா? கொடியக் கழட்டி வச்சிட்டுப் போயிருக்கணும். அவ்வளவுதான். நான் நடந்தே வந்திருப்பேன்." கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டினாள். "சாப்பிடுங்க, களி ஆறுது."

அவர் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்தார்.

அந்த வருஷம் பஸ் ஓட்டக் கூப்பிட்டார்கள், முடியாது என்றார். ஆனால் ஐந்தாம் நாள் பெரிய ஏற்றத்தின் அடிவாரத்தில் நின்றார். வேனில் தண்ணீரும், உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்திருந்தார். எல்லாம் சொந்தச் செலவு. வருகிற ஒவ்வொருவரிடமும் கிழங்கைக் கையில் திணித்து, "இங்க நட. மேல போய் ஓடிக்கலாம், இங்க நட" என்றார்.

சில பேர் கேட்டார்கள். லெஃபா கேட்கவில்லை.

"வழிய விடுங்க ந்தாத்தே, நான் யாரு பஸ்ஸுலயும் ஏறல" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மொஹாபி ஒதுங்கி வழிவிட்டார். அவனுக்குப் பின்னால் பருத்த பெண்மணி ஒருத்தி, முதல் தடவை போலிருக்கிறது, அவனைப் பார்த்து அவளும் காலை எட்டிப் போட்டாள். அவர் குறுக்கே போய்க் கையை நீட்டினார்.

"அவன் பின்னால போகாதம்மா. அவன் தனக்காக ஓடுறான்."

அவள் நின்று, கிழங்கை வாங்கிக்கொண்டு, நடந்தாள். மொஹாபி அவளோடு முதல் வளைவு வரை நடந்துவிட்டு, அடுத்த ஆளுக்காகத் திரும்பி இறங்கினார்.