ஜெயக்கொடி டீச்சரும் புல் வெட்டும் மிஷினும்

ஆனையூரிலிருந்து ஜெயக்கொடி டீச்சரின் மகள் பேசியபோது, நான் விளாங்குடியில் என் வீட்டு வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். “அத்தை, அம்மா காலையில போயிட்டாங்க. காபி குடிச்சிட்டு பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க” என்றாள். கீரைக்காரம்மா என் முகத்தைப் பார்த்தார். காசு கேட்காமல் கீரைக்கட்டைப் படியில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

டீச்சரும் நானும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் விளையாட்டு. பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைக் கடன் கேட்டு அவரிடம் போய் நிற்பேன். ஒருமுறைகூடத் தந்ததில்லை. “உங்க கணக்கு நாளைக்கும் அங்கனயேதான் இருக்கும் டீச்சர். இந்தப் பிள்ளைக இன்னைக்கு ஓடணும்” என்பார். அவரிடம் படித்தவர்களுக்கு அந்தக் குரல் இப்போதும் காதில் கேட்கும்.

ஓய்வு பெற்றதும் தன் குடியிருப்பின் நடுவில் முள் மண்டிக் கிடந்த பொது இடத்தைச் சுத்தம் செய்து, பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வெறுந்தரையில் விழுந்த பிள்ளைகளுக்கு முழங்கால் உரிந்தது. அதனால் அருகம்புல் பதித்து, தெருத் தெருவாகக் கேட்டுத் தண்ணீர் விட்டு வளர்த்தார். குடியிருப்போர் சங்கம் பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மிஷின் ஒன்றைப் பழையதாக வாங்கிக் கொடுத்தது. காலையில் வெட்டுவதும் அவர்தான், விசில் ஊதுவதும் அவர்தான்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை முடங்கிப்போனது. மூடிய விரல்கள் திறக்கவே இல்லை. வலது காலை இழுத்து இழுத்து, மூன்று கால் ஊன்றுகோலோடு வீட்டுக்குள் மட்டும் நடந்தார். அந்த மாதங்களில் மிஷினும் நின்றுபோனது. ஒரு மெக்கானிக் எடுத்துப்போய் ஒரு மாதம் வைத்திருந்து, ஓடாத மிஷினை அப்படியே கொண்டுவந்து இறக்கினார். அந்த வருடம் நல்ல மழை. புல் இடுப்பு உயரம் வளர்ந்தது. ஒருநாள் அதிலிருந்து பாம்பு வந்ததும், பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

சங்கக் கூட்டத்துக்கு அவரை ஆட்டோவில் அழைத்துப்போனது நான்தான். செயலாளர் நல்ல மனிதர். தயங்கித்தான் சொன்னார்: “உங்களால முடியாதுன்னு ஆகிப்போச்சு டீச்சர். வண்டி நிறுத்த எடமில்லாம எல்லாரும் சங்கடப்படுறாங்க. அந்த எடத்துல கல்லைக் கொட்டிரலாம்னு பாக்குறோம்.”

டீச்சர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். பிறகு, “ரெண்டு ஞாயித்துக்கெழம பொறுங்க. ரெண்டாவது ஞாயிறு காலையில வந்து பாருங்க. புல்லு வெட்டலேன்னா கொட்டிக்கங்க” என்றார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனபோது, மிஷினைப் பின்கட்டில் சிமெண்ட் மேடைமேல் ஏற்றி வைக்கச் சொல்லி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். “நீங்க கை வைக்கக் கூடாது. வாசிச்சு அர்த்தம் மட்டும் சொல்லுங்க.”

முதல் பக்கத்திலேயே, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றாமல் பிளேடைத் தொடாதே என்று இருந்தது. கழற்றினார். பிளேடு சுழலாமலிருக்க ஒரு மரக்கட்டையை உள்ளே கொடுத்தார். ஸ்பேனரின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி, இடது தோளால் சாய்ந்து அழுத்தினார். மூன்றாவது நாள்தான் அந்த போல்ட் அசைந்தது. அதற்குள் ஒருமுறை நாற்காலியோடு சரிந்து விழுந்து, முழங்கையில் ரத்தம் வந்தது. பிடிக்க ஓடிய என்னை, “வாசிங்க டீச்சர்” என்று தரையிலிருந்தே அதட்டினார்.

கழற்றிய சின்னத் திருகுகளையும் வாஷர்களையும் இட்லித் தட்டில் ஒரு குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே போட்டார். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருந்தது. அதில் பெட்ரோல் வரும், ஊசிகூட நுழையாத துளையை, பழைய கரன்ட் ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய ஒரு மதியம் முழுக்க ஆனது. கம்பி வளையும்போதெல்லாம் பல்லால் கடித்து நிமிர்த்திக்கொண்டார். பிளேடை மேடையில் பொருத்திய இரும்புப் பிடிப்பானில் இறுக்கி, இடது கையால் அரம் போட்டார். பிறகு சுவரில் அடித்த ஆணியில் அதை மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம் தாழ்ந்தது. மறுபடியும் அரம்.

கடைசியில் ஒரு தடை வந்தது. அந்த மிஷினில் கைப்பிடியோடு ஒரு கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் கயிற்றை இழுக்க வேண்டும். கம்பியை விட்டால் எஞ்சின் நின்றுவிடும். அதற்கு இரண்டு கை தேவை. கம்பியைத் துணியால் கட்டிவிடலாமே என்றேன்.

“கட்டிட்டா, நான் விழுந்தாலும் அது ஓடிக்கிட்டே இருக்கும். கால எடுத்துரும்” என்றார். யோசித்தவர், இடது கையால் வலது கையைத் தூக்கி, முன்கை முழுவதையும் கம்பிமேல் கிடத்தி, உடம்பால் சாய்ந்தார். கம்பி அமுங்கியது. நிமிர்ந்தால் கை சரிந்தது, கம்பியும் மேலே வந்தது. பலமுறை செய்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “இம்புட்டு நாளா சும்மாதான தொங்குச்சு. இனிமே அதுவும் வேலை பாக்கட்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரர்களோடு தெருவே திரண்டு வந்திருந்தது. இடுப்பளவுப் புல்லை முந்தின நாள் இரண்டு பெண்கள் அரிவாளால் அறுத்துக் கணுக்கால் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். டீச்சர் ஊன்றுகோலை என் கையில் கொடுத்துவிட்டு, வலது கையைக் கம்பிமேல் போட்டுச் சாய்ந்து, கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடியும். ஒன்றுமில்லை. நான்காவது முறை தடுமாறினார். செயலாளர் முன்னால் வந்து, “நான் இழுத்து விடட்டா டீச்சர்?” என்றார்.

“இழுக்கலாம். நாளைக்கு யாரு இழுப்பா?”

ஆறாவது இழுப்பில் எஞ்சின் இருமி, கரும்புகை விட்டு, ஓடத் தொடங்கியது. நாலு அடி தள்ளிக் காட்டிவிட்டு நிற்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மிஷின் முன்னே போக, அதன் கைப்பிடியிலேயே சாய்ந்தபடி டீச்சர் பின்னால் நடந்தார். ஊன்றுகோல் என் கையில் இருந்தது. ஒரு அடி, இழுப்பு, இன்னொரு அடி. மைதானத்தின் அந்தக் கோடிவரை போனார். அவருக்குப் பின்னால் ஒரு பட்டை, பச்சைப் பாய் விரித்ததுபோல் வந்துகொண்டிருந்தது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல் கொட்டும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

மீதியை வெட்ட நான்கு நாள் ஆனது. அடுத்த வாரம் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

எல்லாவற்றையும் இனிப்பாகச் சொன்னால் டீச்சருக்கே பிடிக்காது. பொல்லாத கோபக்காரர். ஒருநாள் அவர் உள்ளே போயிருந்த நேரத்தில், பிளேடின் போல்ட் சரியாக இறுகவில்லையோ என்று பயந்து நான் ஒரு சுற்று இறுக்கிவிட்டேன். அடுத்த மாதம் அவரால் அதைக் கழற்ற முடியவில்லை. “இது என் கை இறுக்கமில்லயே, யாரு தொட்டது?” என்று போனில் கேட்டார். ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நான் செய்தது உதவி இல்லை என்று புரிய எனக்கும் அந்த இரண்டு வாரம் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது மழைக்காலம் அந்தப் புல்லை அவரே வெட்டினார். எண்ணெய் மாற்றுவதும் பிளக் துடைப்பதும் பிளேடு தீட்டுவதும் அவரேதான். அங்கே ஆடிய பிள்ளைகளில் மூன்று பேர் இன்று பள்ளிகளில் விளையாட்டு ஆசிரியைகள்.

போன வருடம் எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. மாடி வீட்டுக்குத் திரும்பியவள், படியைக் கண்டாலே நடுங்கி, இரண்டு மாதம் கீழே இறங்கவில்லை. ஒரு காலையில் படிப்பக்கம் ஏதோ உரசும் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஜெயக்கொடி டீச்சர் மேல்படிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக மேலே வந்துகொண்டிருந்தார். பதினாறு படி. சேலையெல்லாம் தூசி.

“எதுக்கு டீச்சர் இப்படி வாரீங்க? போன் பண்ணியிருக்கலாம்ல?”

“நீங்க இறங்க மாட்டேங்கிறீங்களாமே. எப்படின்னு காமிக்க வந்தேன்” என்றவர், மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தபடியே இறங்க ஆரம்பித்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்க, இரண்டு கிழவிகளும் சிரித்துக்கொண்டே கீழே வந்து சேர்ந்தோம்.

அவருடைய மிஷினை மைதானத்துப் பிள்ளைகள் வைத்துக்கொண்டார்கள், விசிலை மகள் வைத்துக்கொண்டாள். எனக்கு அவர் தந்துவிட்டுப் போனது இறங்கும் அந்த வழி. முழங்கால் மக்கர் செய்யும் நாட்களில் சேலையை ஒதுக்கிக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்துவிடுகிறேன். யார் பார்த்தாலும் கூச்சமில்லை. அவரை வழியனுப்பப் போன அன்றும் அப்படித்தான் இறங்கினேன்.