அட்டையின் தலையில் ஒரு சிலுவை

இதை எழுதவேண்டும் என்று எத்தனையோ வருடம் நினைத்தும் பேனாவை எடுக்க மனம் துணியவில்லை. வாசித்துவிட்டு எங்கள் பிள்ளைகள் சிலுவை போடுவதை விட்டுவிடுவார்களோ என்று பயம். அவர்கள் அப்படி விடவேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை என்பதை ஆண்டவர் அறிவார்.

நான் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் கடற்றொழில் செய்தவன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மூத்த மகளோ கணக்கில் கெட்டிக்காரி. கம்பசுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டுத் தெற்கே போனாள். முதல் வருடச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தால் கணித விசேட வகுப்பில் சேரலாம். அதுவும் முதல் தடவையிலேயே எடுக்கவேண்டும். அவளுக்கு அதைத் தவிர வேறு ஆசை இருந்ததில்லை.

அந்த வருடம் அங்கே ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். கணக்கைச் செய்து, கொடுத்திருக்கும் விடைகளில் சரியானதின் கட்டத்தை ஓர் அட்டையில் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அட்டையைத் திருத்துவது ஆளல்ல, கொம்பியூட்டர்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள். சிலேட்டு பிடித்த நாளிலிருந்து வரும் பழக்கம். மகளும் போட்டாள். ஆனால் அந்த அட்டையின் தலையில் வெறும் இடமே இல்லை, சோதனை எழுதுபவரின் சுட்டெண்ணை இலக்கம் இலக்கமாகக் கறுப்பாக்கிக் காட்டும் கட்டங்கள்தான். சிலுவை ஒரு கட்டத்தில் படிந்து, ஓர் இலக்கத்துக்கு இரண்டு கறுப்பாகிவிட்டது. யாருடைய அட்டை என்று யந்திரத்துக்குப் பிடிபடவில்லை. அவள் பெயருக்கு நேரே பூச்சியம் வந்தது.

செய்தி கிடைத்ததும் ரயிலேறிப் போனேன். கணித விரிவுரையாளர் யாழ்ப்பாணத்து ஆள். கதிரை தந்து இருத்தி, அட்டையையும் காட்டினார்.

“ஐயா, உங்கடை மகள் செய்த கணக்கெல்லாம் சரி. நான் இருந்து பார்த்தனான்.”

“அப்ப அந்தப் புள்ளியைப் போட்டுவிடுங்கோவன் தம்பி.”

“ஏலாது ஐயா. மெசின் தாறதுதான் முடிவெண்டு மேலே தீர்மானிச்சிட்டினம். கேட்டுப் பார்த்தனான். ஒருத்தருக்கு மாத்தினால் எல்லாரும் வருவினமாம்.”

“அது சிலுவையெண்டு அதுக்குத் தெரியாதோ?”

“அதுக்கு ஒண்டும் தெரியாது ஐயா. கறுப்பு இருக்கோ இல்லையோ, அவ்வளவுதான்.”

அவர் பொல்லாத மனிதர் இல்லை. வாசல்மட்டும் கூடவே வந்தார்.

வெளியே மகளிடம் கேட்டேன். “வேறை ஒண்டும் எழுதக்கூடாதெண்டு சொல்லேல்லையோ பிள்ளை?”

“சொன்னவை அப்பு. சிலுவை போடுறதும் எழுதுறதெண்டு நான் நினைக்கேல்லை.”

நானும் அப்படி நினைத்ததில்லை.

ஊருக்கு வந்தபோது, கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கூட்டாளி கேட்டான். “என்ன அண்ணை, சிலுவையைக் கண்டு மெசினும் பேய் மாதிரி வெருண்டிட்டுதாமே?” இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் சாதாரணப் பட்டத்தோடு திரும்பினாள். வேலை கேட்டுப் போட்ட விண்ணப்பங்களுக்கு ஒரு பதிலும் இல்லை. கணிதப் புத்தகங்கள் அலுமாரியில் கிடக்கின்றன, அவள் திறப்பதில்லை. செபமாலை நேரத்தில் எங்களோடு முழந்தாளில் இருக்கிறாள். ஆனால் கடைக்கு அவள் எழுதித் தரும் துண்டுத் தாளின் தலையில் ஒன்றும் இருக்காது. ஏன் என்று நான் கேட்டதில்லை. மாதாவிடம்தான் கேட்கிறேன். இத்தனை காலமாக அங்கேயிருந்தும் பதில் வரவில்லை.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். அவள் படிக்கவில்லை என்றோ, சிலுவை கைவிட்டது என்றோ மாற்றவேண்டாம். கேட்பவர் மனம் ஆறட்டும் என்று நல்ல முடிவொன்றைச் சேர்க்கவும் வேண்டாம். கணக்கெல்லாம் சரியாகத்தான் செய்தாள். சிலுவையும் போட்டாள்.