எஸ்டிமேட் பிச்சுமணி

ஏஸி கம்பெனி ஆள் வந்ததும் அவரை உட்காரவைத்து முதலில் ஒரு டம்ளர் மோர் கொடுப்பார் பிச்சுமணி. பெருங்காயம் போட்ட மோர். வந்த அமெரிக்கர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக நகர்த்துவதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிடும். எத்தனை டன்? ஏன் மூன்றரை, மூன்று போதாதா? கூரைக்குக் கீழே காற்றுக் குழாய் எந்தப் பக்கமாகப் போகும்? மின்சாரப் பெட்டியையும் மாற்ற வேண்டுமா, யார் சொன்னது? வந்தவர் கூரை இடுக்கில் தவழ்ந்து, அளவெடுத்து, தலையில் ஒட்டடையோடு இறங்கி வந்து ஒரு தொகையைச் சொல்வார். பிச்சுமணி அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், கச்சேரியில் ஆலாபனை கேட்பதுபோல. பிறகு, "ஐ வில் திங்க் அபௌட் இட்" என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்புவார்.

எல் பாஸோவில் எஸ்டிமேட் இலவசம். ஆகவே வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் இது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. ஊரில் இருக்கிற பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்களில் அவருக்கு 'எஸ்டிமேட் பிச்சுமணி' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். வருத்தமில்லை.

உயரமான, ஒல்லியான மனிதர். கும்பகோணம். ஊர்க் கோடியில் இருக்கும் தாமிர உருக்காலையில் மெட்டலர்ஜிஸ்ட். இடது புருவம் எப்போதோ உலைச் சூட்டில் பொசுங்கிப் பாதிதான் முளைத்தது. அதனால் நாம் எதைச் சொன்னாலும் அவர் பாதி நம்பாத மாதிரியே இருக்கும். "ஆயிரம் டிகிரி பக்கத்துல நாள் பூரா நின்னுட்டு வரேன். ஆத்துக்கு வந்தா எனக்கு ஊட்டி மாதிரி இருக்கு" என்பார்.

டெக்ஸஸ் என்றதும் ஹூஸ்டன் பக்கத்துப் புழுக்கத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊர் கிட்டத்தட்ட நாலாயிரம் அடி உயரத்தில் இருக்கும் பாலைவனம். துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். இந்த வறட்சிக்கென்றே முக்கால்வாசி வீடுகளில் கூரைமேல் ஒரு தகரப் பெட்டி உட்கார்ந்திருக்கும். உள்ளே நனைந்த மரச்சீவல் திண்டுகள், ஒரு மின்விசிறி. ஈரத்தின் வழியாகக் காற்றை இழுத்து வீட்டுக்குள் தள்ளும். ஸ்வாம்ப் கூலர் என்பார்கள். சனிக்கிழமை காலையில் பிச்சுமணியைத் தேடினால் கூரைமேல்தான் பார்க்கலாம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு திண்டு மாற்றுவார்.

"மெட்ராஸ்ல பெரிய ஆபீஸ்லல்லாம் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணி தெளிப்பா இல்லையா? அதே டெக்னாலஜி. இதுக்கு மேல மனுஷனுக்கு என்ன வேணும்?" என்று மேலேயிருந்து கேட்பார்.

கீழேயிருந்து அவர் மனைவி பர்வதம் சொல்வாள்: "மனுஷனுக்கு வேண்டாம். மனுஷிக்கு வேணும்."

அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஜூலைக் கடைசியில் மேகம் திரளும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் கூலரால் ஒன்றும் செய்ய முடியாது. வெக்கையோடு ஈரத்தையும் சேர்த்து அள்ளி வீசும். உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். குளியலறைக் கதவு உப்பிப்போய்ச் சாத்த வராது. எண்பத்தாறாம் வருஷம் ஆகஸ்டில் ஒரு வாரம் தொடர்ந்து இப்படி இருந்தது. வாரக் கடைசியில் பர்வதம் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எங்கள் வீட்டில் ஏஸி உண்டு.

"காமாக்ஷி, அவர் ஏஸி போடற வரைக்கும் நான் இங்கதான். சமையல் என்னோடது" என்றாள் என் மனைவியிடம்.

காமாக்ஷிக்கு வாயெல்லாம் பல்.

அன்று மாலையே பிச்சுமணி வந்துவிட்டார். பெண்டாட்டியைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். சாப்பிட்டார். பிறகு ஹாலில் காற்று வருகிற இடத்துக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏஸி உடம்புக்கு ஏன் ஆகாது என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினார். மறுநாளும் வந்தார். அதற்கும் மறுநாள் ஸ்வெட்டரோடு வந்தார்.

ஆனால் பர்வதம் அசையவில்லை. நான்காம் நாள் அவரே என்னிடம், "சரி, போட்டுடறேன்" என்றார் மெதுவாக.

இங்கேதான் சங்கடம். அவர் போன் செய்த ஒரு கம்பெனியும் ஆள் அனுப்பவில்லை. பெயரைச் சொன்னதுமே, "ஓ, மிஸ்டர் மணி" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை நிஜமாக வாங்கப் போகிறேன் என்று அவர் சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சிரிப்புதான் அதிகமாயிற்று. கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "நீங்க கூட வாங்கோ. ஏஸி வெச்சிருக்கறவர். உங்க மூஞ்சியப் பாத்தாவது நம்புவான்."

ஓர்டேகா என்பவரின் கடைக்குப் போனோம். பிச்சுமணிக்கு மூன்று தடவை எஸ்டிமேட் கொடுத்த மனிதர். கூரை இடுக்கில் ஒருமுறை முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர். குழாய், மின்சாரப் பெட்டி, பழைய கூலரை இறக்கிக் கூரையின் ஓட்டையை அடைப்பது எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு டாலர் என்றார். ஆயிரம் இப்போதே கொடுக்க வேண்டும். வேலை வேண்டாமென்றாலும் அதைத் திருப்பித் தர மாட்டேன் என்றார். "மற்றவர்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. உங்களுக்கு மட்டும்தான்."

பிச்சுமணி பேரம் பேசவில்லை. செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் ஏறினதும் சொன்னார்: "ப்ளான்ட்ல ரெண்டு ஃபர்னஸை அணைச்சுட்டான். காப்பர் விலை படுத்துடுத்து. லேஆஃப் லிஸ்ட்ல யார் யார்னு இன்னும் தெரியாது. போன வருஷத்துலேர்ந்தே இந்தப் பேச்சுதான்."

"பர்வதத்துகிட்ட சொன்னேளா?"

"சொன்னா அவ தூங்கமாட்டா. சூடு இல்லேன்னு சொல்லி சமாளிச்சிண்டிருந்தேன். அதுக்கும் இப்ப வழி இல்லாமப் போச்சு."

நான் காமாக்ஷியிடம் சொன்னேன். காமாக்ஷி ரகசியம் காப்பவள்தான். அன்று அரைமணி காத்தாள். பர்வதம் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். பிச்சுமணி ஏஸிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட சொல்லப்படாதா இத? நான் என்ன ஊர்ப் பொம்மனாட்டியா?" என்றாள். "போய் கேன்சல் பண்ணிட்டு வாங்கோ. நானே கூரைமேல ஏறித் திண்டு மாத்தறேன்."

"அட்வான்ஸ் திரும்பி வராது."

"எவ்வளவு?"

அவர் சொன்னார். பர்வதம் உள்ளே போய், வீட்டுக்குக் கிளம்பப் பெட்டியைக் கட்டினாள்.

ஆக, கொடுத்த ஆயிரத்தை விட மனசில்லாமல், இருவருக்குமே வேண்டாத நேரத்தில் அந்த வீட்டில் ஏஸி வந்து இறங்கியது. பிச்சுமணிக்கு வேலை போகவில்லை. ஆனால் சம்பளத்தில் கொஞ்சம் வெட்டினார்கள், இன்னும் வெட்டலாம் என்றும் சொன்னார்கள். வீட்டில் அதிகாரம் முழுக்கப் பர்வதத்தின் கைக்குப் போயிற்று. தெர்மோஸ்டாட்டை அவர் தொடக் கூடாது. யாராவது வந்தால் மட்டும்தான் ஏஸி. "வந்தவாளைப் புழுக்கத்துல உக்காத்தி வெச்சா நன்னாருக்குமா?" என்பாள். அவர்கள் போனதும் அணைத்துவிட்டு விசிறியைத் தேடுவாள்.

அதிலிருந்து பிச்சுமணிக்கு விருந்தாளிகளை உபசரிக்கும் ஆசை கூடிவிட்டது. எட்டு வருஷம் என்னைக் காப்பிக்குக் கூப்பிடாதவர் வாரத்தில் மூன்று நாள் போன் செய்கிறார். ஆலையில் கூட வேலை செய்கிறவர்களை அழைத்து வருகிறார். தபால்காரரை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுக்கிறார். ஓர்டேகாகூட ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு அழைப்பு. வெளியே நூற்றிரண்டு டிகிரி. நான் உள்ளே காலடி வைத்ததும் பர்வதம் ஏஸியைப் போட்டாள். ஒரு பிளேட் வடை வைத்தாள். சோபாவின் மூலையில் உட்கார்ந்து ஊர்க் கதை கேட்டுக்கொண்டிருந்தவள், பத்து நிமிஷத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். நல்ல தூக்கம். நெற்றியில் வேர்வை காய்ந்திருந்தது.

வடை தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது. எனக்கு வேலை இருந்தது. மெதுவாக எழுந்தேன்.

பிச்சுமணி தூங்குகிறவளை ஒருமுறை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வந்து, என் தோளில் இரண்டு கையையும் வைத்து, என்னை மறுபடி நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தார்.