நாக்கில் தொங்கும் குழாய்

சக்கரத்துக்குள் போகும் ரப்பர் குழாயின் நுனியைச் சட்டை முனையில் துடைத்து வாயில் வைத்துக்கொண்டான். முன்சக்கரத்தருகே முழங்காலை ஊன்றி, கண்ணை மூடி, ஒரே இழுப்பாக உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்தான். முப்பது எண்ணும்வரை குழாய் நாக்கைக் கவ்விக்கொண்டு தொங்கினால் உள்ளே கசிவில்லை. அதற்குமுன் நழுவினால் கசிகிறது. ஒன்பதில் நழுவியது.

"இன்னும் கசியுது" என்றான்.

வண்டி மருத்துவமனையுடையது. தார்ச்சாலை முடிந்த பிறகும் மலையேறுகிற சின்ன ஜீப். கியர் பக்கத்துக் கம்பியை இழுத்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். குழாய் வழியாக இன்ஜின் காற்றை உறிஞ்சும்போதுதான் முன்சக்கரங்கள் சேரும். முன்பலகையில் விளக்கு நிலையாக எரிய வேண்டும். மின்னினால் முன்சக்கரங்கள் சேரவில்லை என்று அர்த்தம். "விளக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனா எங்க வலிக்குதுன்னு சொல்லவும் தெரியாது" என்பான். அதைச் சொல்ல அவன் நாக்கு இருந்தது. மற்ற பட்டறைகளில் முள் வைத்த கருவி கொண்டு தேடி அலுத்த வண்டிகள் இங்கே வந்து சேரும். ஊரில் அவனுக்குப் பெயரே நாக்கு மெக்கானிக். அந்த நாக்குக்காக டீயை ஆடை படியும்வரை ஆறவைத்துத்தான் குடிப்பான்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து விளக்கைப் பார்ப்பது அவனுடைய அக்கா. பத்தொன்பது வருடமாக அவள் சொல்வது இரண்டே சொல்: "எரியுது", "மின்னுது". மற்ற நேரத்தில் அவன் கழற்றும் போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்குவாள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத தன் தம்பியைத் தேடி இத்தனை பேர் வருகிறார்களே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில் அவன் முகத்தின் இடப்பாதி தொங்கிப்போயிருந்தது. நரம்புக் கோளாறு, மெல்லத்தான் திரும்பும், கொஞ்சம் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். மூன்றே வாரத்தில், "எல்லாம் சரியாப் போச்சு" என்று பட்டறையைத் திறந்துவிட்டான். அதன்பின் தண்ணீர் குடிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சட்டையின் இடத்தோள் நனைந்திருப்பதை அக்கா பார்ப்பாள், கேட்கமாட்டாள்.

அன்றிலிருந்து வருகிற வண்டியெல்லாம் கசிந்தது. இந்த ஜீப் மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. முதலில் குழாயை மாற்றினான். அடுத்த முறை சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினான். விளக்கு மின்னுவது நிற்கவில்லை.

ஜீப் டிரைவர் நின்றுகொண்டே இருந்தார். "அண்ணே, நேத்து சேத்துல பாதி வழியில நின்னுட்டேன். நர்ஸம்மா மருந்துப் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தாங்க. இன்னைக்கும் சரியாகலேன்னா வேற பட்டறைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. உங்க நாக்குக்கு என்னதான் ஆச்சு?"

அவன் சக்கரத்தைத் திரும்பப் பிரிக்க ஸ்பேனரை எடுத்தான். அக்கா இருக்கையைவிட்டு இறங்கி வந்தாள்.

"புது ரப்பருடா. போன வாரம் நான்தானே உறையப் பிரிச்சுக் கொடுத்தேன்."

"புதுசுலயும் மட்டமானது வரும்."

அவள் அவன் வாயைப் பார்த்தாள். இடது ஓரத்தில் எச்சில் ஒரு நூலாக மின்னியது. உதடு முழுதாக மூடவில்லை. கசிவது எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

ஸ்பேனரைத் துணியில் வைத்தான். குழாயின் நுனியைத் துடைத்தான். தனக்காகத் துடைப்பதைவிட நெடுநேரம் துடைத்து அவளிடம் நீட்டினான்.

"நீ பாரு."

அவள் மண்டியிட்டு உறிஞ்சினாள். ரப்பர் கசந்தது. குழாய் அவள் நாக்கை வலிக்க வலிக்கக் கவ்விக்கொண்டது. அவன் விரல் விட்டு எண்ணினான். பத்து. இருபது. டிரைவரும் குனிந்து பார்த்தார். முப்பதிலும் குழாய் அசையவில்லை. இந்தச் சக்கரத்தில் கசிவே இல்லை; விளக்கு மின்னுவதற்குக் காரணத்தை இனி வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாயிலிருந்து அதை எடுக்கவில்லை.

"முப்பத்தொண்ணு" என்றான் அவன், உதட்டின் இடது ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. "முப்பத்திரண்டு."