ஆரோக்கியசாமி வந்தாச்சா?

உங்கள் பெயரை ஒருவர் கேட்க, நீங்கள் உண்மையைச் சொல்ல, அந்த உண்மைக்காக உங்கள் பிள்ளை சிறையில் கிடந்தது உண்டா? இல்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கள்ளிக்குப்பம் ஆரோக்கியசாமிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் முப்பத்தோரு வருடம் நின்றே வேலை பார்த்தவர். முடியளவு பிசகினாலும் சாமானைத் திரும்ப மிஷினில் ஏற்றுகிறவர். கேட்டதற்குப் பதில் சொல்வார். எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. "கையில அளவுகோல குடுத்துட்டு வாய புடுங்கிக்கினானுங்க" என்பாள் மனைவி ஞானகுமாரி.

ஒரே மகன் அலெக்ஸ். ஏசி மெக்கானிக். ஒரு தீவு நாட்டின் உல்லாச விடுதியில் வேலை என்று ஏஜென்ட் அனுப்பிவைத்தான். போன இடத்தில் விடுதி முதலாளி அவனைத் தன்னுடைய இன்னொரு தீவுக்கு மாற்றினார். வேலை அனுமதிச் சீட்டில் இருந்ததோ முதல் தீவின் பெயர். சோதனைக்கு வந்த போலீஸ் முதலாளியை விட்டுவிட்டு மெக்கானிக்கைப் பிடித்தது. நாலாண்டுச் சிறை. எங்கே போய் ஏசி மாட்டு என்றார்களோ அங்கே போய் மாட்டியதைத் தவிர அவன் செய்த குற்றம் எதுவும் இல்லை.

அவன் சிறைக்குப் போன எட்டாவது மாதம், அந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். ஒரே கடல், ஒரே குடும்பம் என்று பேசினார்கள். கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டறிக்கையின் பதினேழாவது பத்தியில் ஒரு வரி இருந்தது. சிறு குற்றங்களுக்காக அடைபட்டிருக்கும் அண்டை நாட்டவரை நல்லெண்ண அடிப்படையில் விடுவிப்பார்களாம். மாடியில் குடியிருந்த நிவேதிதா, கரூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவள், அதைப் படித்துவிட்டுப் படியிறங்கி ஓடிவந்தாள்.

"அங்கிள், நம்மாளுங்க பதினஞ்சு பேர விடறாங்களாமுங்க! பேரு இன்னும் போடலீங்க. ஆனா அலெக்ஸ் கண்டிப்பா இருப்பாருங்க."

ஞானகுமாரி அன்றைக்கே மகனின் சட்டைகளை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

நிவேதிதா சொன்னது சரிதான். அலெக்ஸ் பட்டியலில் இருந்தான், வேறு பெயரில். பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. சாதியைப் பெயருக்குப் பின்னால் தொங்கவிடுவது கேவலம் என்று வெட்டியெறிந்த மண் இது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமைதான். ஆகவே அந்தக் கட்டத்தில் எழுத நம்மிடம் இருப்பது அப்பன் பெயர். ஏஜென்டும் அதைத்தான் எழுதினான். தீவின் சிறையில் மகனை ஆரோக்கியசாமி என்றே கூப்பிட்டார்கள். விடுதலைப் பட்டியலிலும் அந்த ஒற்றைப் பெயர்தான் ஏறியது.

பட்டியலில் சிலர் தண்டனை முடிந்து முன்பே ஊர் திரும்பியிருக்கலாம் என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதைத் தீர்க்க, இங்கிருந்த அலுவலகம் ஒன்று வீடு வீடாகப் போன் போட்டது. ஆரோக்கியசாமி அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் மத்தி மீன் வாங்கிவந்து வண்டியை நிறுத்துகிற நேரம், செல்போன் அடித்தது.

"ஆரோக்கியசாமி வீடுங்களா?"

"ஆமா சார்."

"தீவிலிருந்து விடுதலை ஆகறவங்க பட்டியலைச் சரிபார்க்கறோம். ஆரோக்கியசாமி வந்தாச்சா?"

"வந்துட்டேன் சார். நான்தான் பேசறேன். இப்பதான் வந்தேன்."

"அட, நீங்களேவா! எங்களுக்குத் தகவலே இல்லையே. உடம்பெல்லாம் பரவாயில்லையா?"

"நல்லா கீறேன் சார். முட்டி வலிதான் கொஞ்சம்."

"பாத்துக்குங்க. அப்ப உங்க பேருக்கு நேரா டிக் போட்டுடறேன்."

"போடுங்க சார். ரொம்ப நன்றி சார்."

மீன் பையோடு உள்ளே ஓடினார். "ஞானம்! டிக் போட்டுட்டாங்க!"

"இன்னாய்யா கேட்டாங்க?"

"ஆரோக்கியசாமி வந்தாச்சான்னாங்க. வந்துட்டேன்னேன். என் உடம்பு எப்டி கீதுன்னு வேற கேட்டாங்க. கெவர்மென்ட்ல இவ்ளோ மரியாதைய நான் பாத்ததேயில்ல."

"உன் முட்டிய வெச்சிகினு அவுங்க இன்னா பண்ணப் போறாங்க?" ஞானகுமாரி சிரித்தாள். "புள்ள வரட்டும், மரியாதைய அப்பால பாத்துக்கலாம்."

பத்து நாள் கழித்து, காலை விமானம். நிவேதிதா விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். மீனம்பாக்கத்தில் கட்சிக்காரர்கள் சால்வையோடு நின்றார்கள். பதினாலு பேர் வெளியே வந்தார்கள். பதினாலு பேருக்கும் சால்வை போர்த்தி, கும்பிட்டு, படம் எடுத்தார்கள். கதவு மூடிக்கொண்டது. கையில் காகிதத்தோடு நின்ற அதிகாரியிடம் ஆரோக்கியசாமி போனார்.

"சார், எம் புள்ள?"

"பேரு?"

"அலெக்ஸ்."

"அலெக்ஸ்னு யாருமில்லையே. அப்பா பேரு?"

"ஆரோக்கியசாமி."

அதிகாரியின் விரல் காகிதத்தில் இறங்கி ஓர் இடத்தில் நின்றது. "ஆரோக்கியசாமி இருக்காரு. ஆனா அவர் முன்னாடியே ஊருக்கு வந்துட்டாரே. அவரே போன்ல பேசியிருக்காரு. மூட்டு வலின்னுகூடக் குறிச்சிருக்கே."

நிவேதிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாய்யா சொல்றாரு?" ஞானகுமாரி கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "யாரு வந்துட்டாங்க?"

"நான்" என்றார் ஆரோக்கியசாமி. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிழை என்று அலுவலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் விடுதலை உத்தரவு அந்த ஒரு பட்டியலுக்குத்தானாம். டிக் போட்டு அடித்த பெயரை மறுபடி சேர்க்கத் தலைவர்கள் மறுபடி கூட வேண்டுமாம். அவர்களோ ஒரு மணல்திட்டு யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. பங்குத்தந்தை வந்து, கடவுள் சித்தம் என்றார். கடவுளை ஏன் இதில் இழுக்க வேண்டும்? டிக் போட்டது மனிதன் கை. இன்னொரு கேள்வி கேட்கச் சோம்பல்பட்டது மனிதன் வாய். ஒரே குடும்பமாம்! பிள்ளை யார், அப்பன் யார் என்று தெரியாத குடும்பம் எது?

மாதம் ஒருமுறை, நாலு நிமிடம் மகனைப் போனில் பேச விடுவார்கள்.

"அப்பா, அன்னிக்கு என்னிய கூப்ட்டாங்கபா. மூட்டைய கட்டிக்கினு கதவாண்ட நின்னேன். அப்பால, நீதான் ஊருக்குப் போய்ட்டியேன்னு உள்ள தள்ளிட்டாங்க. நான் எங்கபா போனேன்? யாருபா அப்டி சொன்னது?"

"சாப்ட்டியா நைனா?"

"கேக்குதாபா? யாரு சொன்னது?"

"போன மாசம் சொன்னியே, அந்தக் காய்ச்சல் இன்னும் கீதா?"

நாலு நிமிடம் முடிந்தது. அடுத்த மாதமும் அலெக்ஸ் அதையே கேட்டான். அதற்கடுத்த மாதம் ஆரோக்கியசாமி போனை மனைவி கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஞானகுமாரி அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வங்கியில் பெயர் கேட்டால் இப்போதெல்லாம் "அலெக்ஸ் அப்பா" என்கிறார். அது செல்லாது, சொந்தப் பெயரைச் சொல்லுங்கள் பெரியவரே என்றால், வரிசையை விட்டு விலகிவிடுகிறார்.

அந்தத் தலைவர்கள் என்றைக்காவது கூடத்தான் போகிறார்கள். கைகோத்த படமும் வரத்தான் போகிறது. அதைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். அயல்நாட்டுச் சிறையில் கிடப்பவர்களின் பட்டியலில் இட்ட பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி மூன்றும் தனித்தனியே வேண்டும், ஆளைக் கண்ணால் பார்க்காமல் ஒருவர் பெயரையும் அடிக்கக் கூடாது என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள்.