எலிக்குப் பலித்த நிறம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பாதித் தொழிலாளர்களின் கைக்கு உறையும் காலுக்குப் பூட்ஸும் மாட்டிவிட்ட பெருமை மொய்னுதீனுடையது. ஆனால் வரலாறு அவரை அதற்காக நினைவில் வைக்கப்போவதில்லை. பழவேற்காட்டு வீட்டிலிருந்து அங்கே தன் பாதுகாப்புச் சாமான் கடைக்குப் போகிற சாலையில் எந்தக் கழிவறை எந்நேரம் திறந்திருக்கும் என்பதை அவரளவுக்கு அறிந்தவர் நெடுஞ்சாலைத் துறையிலும் கிடையாது. பொன்னேரியில் பள்ளிவாசல், கவரைப்பேட்டையில் பெட்ரோல் பங்க், அதற்கப்பால் வாட்ச்மேன் ஆசீர்வாதத்தின் தயவில் ஒரு கம்பெனி வாசல். பெருங்குடலில் புண், புண்ணைச் சுற்றி வீக்கம். பல வருஷமாகச் சென்னை டாக்டர் ஒருவர் கொடுத்த மாத்திரைதான் அவரையும் அவர் கைலியையும் காப்பாற்றி வந்தது.

காப்பாற்றுகிற மருந்தை யார் மதிக்கிறார்கள்?

"குணமாவும்னா தேதி சொல்லணும் இல்ல? ஆயுசுக்கும் முழுங்குன்றான். டெலிவரி தேதி சொல்லாத பார்ட்டிகிட்ட நானு ஒரு ஜோடி கிளவுஸ்கூட எடுக்க மாட்டேன்" என்பது டாக்டரைப் பற்றி மொய்னுதீனின் தீர்ப்பு.

இப்படியே போயிருக்கும். 2008இல் மகள் மாஹிராவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. பெண்ணின் தகப்பன் மேடையில் உட்கார வேண்டும். ஹஜ்ரத் நிக்காஹ் பிரசங்கமான குத்பாவை ஓதி முடிக்கும்வரை நெளியாமல் இருக்க வேண்டும். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பெண்ணைக் கொடுத்தேன் என்று சபையறியச் சொல்ல வேண்டும். இடையில் எழுந்து ஓடிய தகப்பன் எவனும் பழவேற்காட்டுச் சரித்திரத்தில் இல்லை.

மனைவி மெஹர்னிசாவின் தம்பி அஸ்கர் அலி இதற்கு ஒரு வழி வைத்திருந்தான்.

"பேஜாரே வாணாம் மச்சான். பொறுப்ப எனக்குக் கொடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. உங்க எடத்துல நானு குந்திக்கினு முடிச்சுடறேன்."

"ஏன், அப்டியே எம் பொண்ணுக்குத் தகப்பன் நீதான்னு பத்திரிகைலயும் போட்டுக்கயேன் மாப்ளே!"

அன்றைக்கு எரிச்சல் குடலிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. அந்த மேடையில் அவரே உட்காருவார். அல்லாஹ்வின் கிருபையால் உட்காருவார். முடிந்தால் மாத்திரை இல்லாமலே உட்காருவார்.

அறிவியல் அவருக்கு உதவ வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாளிதழின் இணைப்பு வடிவில். கடல்பாசியிலிருந்து பிரித்தெடுத்த நிறமி குடல் வீக்கத்தைத் தணிக்கிறதாம். எலிகளுக்குத் தணிந்தது என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிப்பவர் வியாபாரத்தில் முன்னேற முடியாது என்பதால் மொய்னுதீன் அதைப் படிக்கவில்லை. படத்தை மட்டும் உற்றுப் பார்த்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கையில் சிறு குப்பி. குப்பிக்குள் சிவப்புத் தண்ணீர்.

"அடியே மெஹர்னிசா! இது நம்ம நோம்புக்குச் செய்யற கடல்பாசிதானேடி!"

நோன்பு திறக்கையில் ஐம்பது வருஷமாக அவர் முன்னால் தட்டில் வைக்கப்பட்ட கடல்பாசி, சதுரம் சதுரமாய், சிவந்து, தளதளவென்று ஆடிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அடுப்படியில் அது எப்படி வருகிறது என்று எட்டிப் பார்த்தவரில்லை. சிவப்பாகவே கடலில் விளைந்து, சதுரமாகவே கரையொதுங்குகிறது என்று நம்ப அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

மாத்திரை நின்றது. காலையில் நாஷ்டாவுக்கு முன் நாலு துண்டு, மத்தியானம் கடையில் நாலு, ராத்திரி நாலு. மெஹர்னிசா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "வைத்தியத்துல பொம்பளைங்க தலையிடக் கூடாது" என்று முடித்துவிட்டார். அவளும் கிண்டிக் கொடுத்துவிட்டுப் பத்திரிகை வைக்கப் போனாள்.

கொஞ்ச நாளில் கழிவறையில் சிவப்பு தெரிந்தது. சாதாரண மனிதன் பயந்திருப்பான். மொய்னுதீன் ஆராய்ந்தார். நிறமி உள்ளே போய், புண்ணைக் கழுவி, வேலை முடிந்து வெளியேறுகிறது. உடம்பு மெலிந்தது, கெட்ட நீர் வற்றுகிறது என்றார். கடைக்கு வந்த ஃபோர்மேன் ஒருவர் தலை சுற்றுகிறது என்றபோது அவருக்கும் கடல்பாசியையே சிபாரிசு செய்தார். கடைசி ஒரு வாரமாகத் தட்டில் பச்சைத் துண்டுகள் வந்தன. இது வேறு கடல் சரக்கு போலும் என்று அதையும் விழுங்கினார். ஆராய்ச்சி மனம் எதற்கும் கலங்குவதில்லை.

நிக்காஹுக்கு மூன்று நாள் முன்பு, பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருக்க, கழிவறையிலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்தவர் அஸ்கர் அலியிடம் அறிவித்தார்:

"மாப்ளே, இன்னிக்குதான் செவப்பு ஜோராப் போவுது. குடல் சுத்தமாயிடுச்சு. மேடையில எவன் குந்தறான்னு பாரு!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மெஹர்னிசாவின் முறம் நின்றது.

"எந்தச் செவப்புங்க? செவப்புக் கலர் பொடி போன வாரமே தீந்துபோச்சே. கல்யாண வேலையில கடைக்கு யாரு போறது? பச்சதான் போடறேன்."

"நீ போடறியா?" என்றார் மொய்னுதீன். "பாசியிலயே இல்லியா?"

"பாசி வெள்ளைங்க. பாக்கெட்டுலயே வெளுத்துதான் வருது. பாலும் சக்கரையும் போட்டு, கலர் நாந்தான் கலக்கறேன். சொல்ல வந்தப்ப வைத்தியம்னு வாய மூடிட்டீங்க."

அஸ்கர் அலி மெல்லக் கணக்குப் போட்டான். "அப்ப உள்ள போறது பச்ச… வெளிய வர்றது செவப்பு…"

மொய்னுதீன் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த அரை மணியில் அவரை வாடகைக் காரில் சென்னைக்கு ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் பழைய டாக்டர் இருந்தார். ரத்தம் ஏற்றச் சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எலிக்குக் குணமாச்சாமே டாக்டர்" என்றார் நோயாளி ஈனஸ்வரத்தில்.

"ஆச்சு. அதுக்குக் கொடுத்தது பாசியிலேருந்து பிரிச்சு எடுத்த நிறமி, பலகாரமில்ல. குணமானதும் அந்த எலிய அறுத்துப் பாத்திருப்பாங்களே, அது பேப்பர்ல வரலியா?"

நிக்காஹ் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார். மொய்னுதீன் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார்: பொறுப்பை அஸ்கர் அலிக்குக் கொடுத்தேன். அஸ்கர் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுநாளே புது ஷெர்வானி வாங்கினான்.

ஆனாலும் மச்சானை அவன் விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஹஜ்ரத் குத்பாவைத் தொடங்கியதும், செல்போனில் ஆஸ்பத்திரிக்கு அழைத்து, போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தான். கட்டிலில் மொய்னுதீன் தொப்பியைச் சரிசெய்து, சொட்டு மருந்து ஏறுகிற கையை மடியில் ஊன்றி, மேடையில் இருப்பதுபோல் நிமிர்ந்தார். குத்பா நீண்டது. ஹஜ்ரத் நல்ல ஞானஸ்தர். எதையும் சுருக்கத் தெரியாதவர். பாதியில் குடல் எழுந்திருக்கச் சொன்னது. மொய்னுதீன் மறுத்தார். குடல் இரண்டாம் முறை கேட்கவில்லை.

போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, மருந்துப் பாட்டில் தொங்கிய கம்பியை இழுத்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார். அங்கே போனை மூடி வைப்பதுதான் மரியாதை என்று அவருக்குத் தெரியும். பெற்ற மனம் விடவில்லை. உள்ளே, முறைப்படி உட்கார்ந்த நிலையிலேயே, பெண்ணைக் கொடுத்தேன் என்று அஸ்கர் அலி சொன்னதையும், "கபூல்" என்று மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதையும் தெளிவாகக் கேட்டார்.

கதவு தட்டப்பட்டது. "பெரியவரே! ட்ரிப்ஸோட உள்ள போய் இவ்ளோ நேரமா இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றாள் நர்ஸ்.

"பொண்ணுக்கு நிக்காஹ் பண்ணிக்கினு இருக்கேம்மா" என்றார் மொய்னுதீன். "கொஞ்சம் இரு. துஆ ஓதறாங்க."